மூடிக்கடியில் ஏறி நின்ற நத்தை

என் பிரியமான மச்சானுக்கு,

நீங்கள் மவுத்தாகி அடக்கமான பிறகு நம் மேலப்பாளையம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறது. உங்கள் தூண்டில் பையை உதறியபோது உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு கடல் நத்தை, ஓட்டில் பழுப்புக் கோடுகள். செத்தது என்றுதான் நினைத்தேன். ஈரத்துணி பட்டதும் மெல்லத் தலை நீட்டியது. நீங்கள் போனபின் அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தேன்.

"கடல் சாமான்தான, உப்புத் தண்ணில போடு" என்றார்கள் பக்கத்து வீட்டு மாமி. ஊறுகாய் பாட்டிலில் உப்பைக் கரைத்துப் போட்டேன். காலையில் தண்ணீரைவிட்டு ஏறி, பாட்டில் கழுத்தில் நிற்கிறது. தள்ளிவிட்டேன். மறுபடி ஏறியது. ஓட்டை போட்ட மூடியால் மூடினேன். மூடிக்கடியில் போய் ஒட்டிக்கொண்டு, ஓட்டுக்குள் சுருங்கிவிட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் மட்டும் என்ன, ஊர்சுற்றிக்கொண்டா இருக்கிறேன்? நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இத்தா இருக்கிறேன் மச்சான். உங்களுக்காக இருப்பது, குறை சொல்லவில்லை. ஆனாலும் மூச்சு முட்டுகிறது. கீரைக்காரி குரல் கேட்டாலும் வாசலுக்குப் போக முடியாது. அண்ணன் வேறு வந்து, "இத்தா முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துரும்மா. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தச் சுவரை விட்டால் அந்தச் சுவரா?

அன்று இரவு, நீங்கள் புன்னைக்காயலில் மீன் பிடித்துவிட்டு வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. "அங்கன அலையாத்தி மரத்துல இலைக்கு இலை நத்தை இருக்கு. தண்ணி ஏறுனா அதுவும் மேல ஏறிரும்."

"யாரு காதுல பூ சுத்துதிய?" என்று கேலி செய்தேன். அடுத்த வாரம் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொன்னீர்கள். எத்தனை அடுத்த வாரம் மச்சான்! கடைசியில் நான் அந்த மரத்தையே பார்க்காமல், தண்ணீருக்கு மேலே வாழ்கிற ஜீவனைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இத்தா முடிந்ததும் நானே கொண்டுபோய் விட ஆசைதான். ஆனால் அது தலை நீட்டுவதையே நிறுத்திவிட்டது. நம் மகன் அன்சாரைக் கூப்பிட்டேன். சோம்பேறித்தனத்தில் அவன் அப்படியே நீங்கள்.

"பாலத்துல போறப்ப ஆத்துல விட்டுருதேன் உம்மா. அதுவா கடலுக்குப் போயிரும்."

"ஏலே, ஆத்துத் தண்ணி அதுக்கு ஆவாதுலே. ஆறு கடல்ல சேருத புன்னைக்காயலுக்குப் போ. தண்ணில போட்டுராத, அலையாத்தி இலைல வை."

மத்தியானம் போன் செய்தான். "வச்சிட்டேன் உம்மா. மொதல்ல அசையவே இல்ல. இப்பம் பைய மேல ஏறுது."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமா, அது எனக்கு முன்னால் போய்விட்டதே என்ற பொறாமையா, சொல்லத் தெரியவில்லை. இத்தாவுக்காக இழுத்துவிட்ட வாசல் திரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

இத்தா முடிகிற அன்று அண்ணன் காரோடு வருவார். வரட்டும், ஏறிக்கொள்வேன். ஆனால் கார் முதலில் புன்னைக்காயலுக்குப் போகும். நீங்கள் காட்டாத அந்த மரத்தை நானே பார்த்துக்கொள்வேன். பிறகு திரும்பி நம் வீட்டுக்குத்தான் வரும். வீட்டுச் சாவியை யாருக்கும் கொடுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
மும்தாஜ்