பத்தடி பின்னால்

அக்டோபர் 7, திங்கள்

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். மகன் கைவிட்டுவிட்டான், அதனால் நான் தினமும் மூன்று மணிக்கு அழுகிறேன் என்று இந்தக் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் அழுவது கொரியத் தொடரைப் பார்த்து. அதுவும் மூன்று மணிக்கு அல்ல, மூன்றேகாலுக்கு.

நான்கு வருடம் முன்பு என் கணவர் காலமானபோது, "கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க" என்றவர்களும் இவர்கள்தான். கான்வென்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தது அது: கைக்குட்டை மூக்குக்கு, ஊருக்குக் காட்ட அல்ல.

அக்டோபர் 9

வீட்டு வேலைக்கு வரும் வேம்புலியம்மாள் இப்போதெல்லாம் பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். கீழே ஓடும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்ல வேண்டும். (இன்று அந்த வரிகளில் இரண்டு பிழை. பென்சிலால் குறித்து வைத்தேன். யாருக்கு அனுப்புவது?)

கதை எளிமையானது. துறைமுக ஊர், மீன் விற்கும் மனைவி, பேசத் தெரியாத கணவன். ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவள் பக்கம் தள்ளி வைப்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

"இன்னாம்மா இந்தாளு! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னா? உரிச்சி உரிச்சி வெச்சிகினே கீறான்."

"சொல்லிவிட்டால் கதை இரண்டு நாளில் முடிந்துவிடும்."

"எங்க ஊட்டுக்காரு சொல்லவும் மாட்டாரு, உரிக்கவும் மாட்டாரு."

நான்கு மணிக்கு அவள் போய்விட்டாள். அதன்பின் மறுநாள் பால்காரர் மணியடிக்கும்வரை இந்த வீட்டில் குரல் கிடையாது.

அக்டோபர் 15

காலையிலிருந்து மழை. முகப்பேர் முழுக்கத் தண்ணீர், வேம்புலியம்மாள் வரவில்லை. பதினைந்தாம் பாகத்தைத் தனியாகப் பார்த்தேன்.

இருவருக்கும் சண்டை. அவள் மழையில் வீட்டுக்கு நடக்கிறாள். அவன் குடையோடு பின்னால் வருகிறான். பத்தடி தள்ளி. கூப்பிடவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் போட்டு அழுதிருக்கிறேன் போல. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பூபாலன் வந்து மணியடித்தார். "மேடம், எதுனா பிரச்சினையா?" தொடர் பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். முகத்தைக் கழுவிவிட்டுத் திறந்திருக்கலாம்.

அக்டோபர் 16

புனேயிலிருந்து மகன் மனோகரன் போன். "பூபாலன் சார் எல்லாம் சொன்னார். கொஞ்ச நாள் அந்த சீரியல்லாம் வேண்டாம்மா. பக்தி சேனல் பாருங்க." என்னம்மா ஆச்சு என்று ஒரு கேள்வி கேட்கவில்லையே! கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

மூன்றேகாலுக்கு டிவியைப் போட்டால் கடவுச்சொல் கேட்கிறது. கணக்கு அவன் பேரில் இருப்பது. மாற்றிவிட்டான்.

இன்னும் ஒரே ஒரு பாகம் பாக்கி. நான் கேட்கப் போவதில்லை.

அக்டோபர் 18

கேட்கவில்லை.

அக்டோபர் 21

வேம்புலியம்மாள் தன் மகளின் போனில் தமிழ்க் குரலோடு கடைசிப் பாகத்தைப் பார்த்துவிட்டாளாம். "சொல்லட்டாம்மா?"

"வேண்டாம்."

"இதுக்குத்தான் அழுதேன்னு உம் புள்ளையாண்ட சொல்ல வேண்டிதான? அந்தாளு வாயத் தொறக்கலன்னு திட்டிக்கினு இருந்தோமே, நீ மட்டும் தொறக்கிறியாக்கும்?"

கூடத்தில் ஒட்டடை இருக்கிறது, அதைப் பார் என்றேன். பார்த்தாள். ஒட்டடை இல்லை.

அக்டோபர் 22

இதற்குத்தான் அழுதேனா? எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலம். எனக்குப் பட்டணத்தில் அலுவலகம். மழை நாட்களில் ரயில் வரும் நேரத்துக்கு, தொழிற்சாலை உடுப்புகூட மாற்றாமல் அவர் குடையோடு பிளாட்பாரத்தில் நிற்பார். ஒரு நாள் அலுவலகப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "நான் என்ன சின்னப் பிள்ளையா? என்னிடமும் குடை இருக்கிறது. இனி வராதீர்கள்."

பிளாட்பாரத்துக்கு வருவதை நிறுத்தினார். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் நின்றார். நான் கடந்து போனதும் பின்னால் நடப்பார், மனோவைக் கையில் பிடித்துக்கொண்டு. எனக்குத் தெரியும். எத்தனை மழைக்காலம்! ஒரு நாளும் நான் திரும்பவில்லை.

ஏன் திரும்பல? திரும்பிப் பாத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும் எனக்கு—

அக்டோபர் 24

இன்று தபாலில் சேர்த்தேன். நகல்:

அன்புள்ள மனோ,

பூபாலன் சொன்னதில் பாதி சரி. அழுதேன். தொடருக்காக மட்டுமல்ல, உன் அப்பாவுக்காகவும். நான்கு வருடம் தாமதம். இது நோயல்ல, டிவியை நிறுத்தினால் நிற்காது. கடவுச்சொல்லை அனுப்பு. ஆனால் அது இரண்டாவது.

முதலாவது இது. ஆவடி ஸ்டேஷனிலிருந்து மழையில் நீங்கள் இருவரும் என் பின்னால் வருவீர்கள். தெரியாதவள்போல் நடந்தேன். உன் செருப்பு தண்ணீரில் அடிக்கும் சத்தம் கேட்கும். நீ ஏதோ கேட்பாய், அவர் மெல்லப் பதில் சொல்வார். அந்தப் பதில் மட்டும் ஒரு நாளும் என் காதுக்கு எட்டியதில்லை. அவர் என்ன சொன்னார்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? கோபமாகச் சொல்லியிருந்தாலும் அப்படியே எழுது.

போனில் வேண்டாம். போனில் நீ "ம்" என்கிறாய், அதை நான் திரும்பப் படிக்க முடியாது. கையால் எழுதி அனுப்பு.

அம்மா