வேன் ஏறாத கப்பல்

அன்புள்ள அம்மா,

நான் படிப்பை விட்ட நாளிலிருந்து குவைத்திலிருந்து உங்கள் அழைப்பு வருவதில்லை. இதையாவது வாசியுங்கள்.

நான் கூட்டித் துடைக்கும் ஹட்டன் விடுதியில் தங்கிய வெள்ளைக்காரத் தம்பதி, தங்கள் வேனோடு காங்கேசன்துறையில் கப்பலேறி, இந்தியா வழியாக நேபாளம் போகத் திட்டமிட்டார்கள். முதலாளி மஃறூப்பும் தலையாட்டினார். தேநீர் வைக்கப் போன நான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அந்தக் கப்பல்ல ஆளுங்கதான் போகலாம். வேன ஏத்த மாட்டாங்க."

"அட, புள்ளைக்கு வாய் இருக்கே! யாரு சொன்னா?"

"எங்க தோட்டத்து லய வீடுகள்ல இருக்கிற ஐயப்பசாமிங்க சபரிமலைக்குப் போறப்ப, நான்தாங்க போன் போட்டு விசாரிச்சேன்."

அவரும் விசாரித்தார். நான் சொன்னது சரி. வேனை இங்கேயே விட்டு, கப்பல் போய்ச் சேரும் நாகப்பட்டினத்தில் வேறு வேன் வாடகைக்கு எடுக்கும்படி, முழு வழியையும் என்னையே எழுதச் சொன்னார்.

இன்று காலை புறப்பட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற என் கையெழுத்து நேபாளம் வரை போகிறது, அம்மா.

இப்படிக்கு,
நீங்கள் பேசாமல் இருக்கும் மகள்