பட்டியலின் கடைசிப் பெயர்

ஓவ்ரெலி,
செப்டம்பர் 16

அன்புள்ள சிக்னேக்கு,

இங்கே நானும் நாயும் ஆடுகளும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, எழுதினாலாவது நாலு வார்த்தை வரும் என்று நீ சொன்னதால் பேனாவை எடுத்திருக்கிறேன். வடதுருவத்துப் பக்கம் இருக்கும் அந்த ஸ்வால்பார்டுக்குத் தபால் போய்ச்சேர எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. கரடி நடமாடும் இடம் என்கிறார்கள். துப்பாக்கி இல்லாத யாரோடும் ஊரைத் தாண்டி நடக்கப் போகாதே. உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டராக இருந்தாலும் சரி.

ஆடுகளை மலையிலிருந்து இறக்கிவிட்டோம். நூற்றுப் பதினாறில் மூன்று குறைகிறது. கிழட்டுக் கிடா பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்ததும் வராததுமாகப் பக்கத்து வீட்டு ஆஸ்முன்டின் வேலியை முட்டி உடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். தேர்தலில் நான் ஜெயித்துவிட்டேன்.

மார்ச்சில் ஆஸ்முன்ட் நம் வீட்டுக்கு வந்து, தேர்தலுக்கான நம் ஊர்ப் பட்டியலில் பதினேழு பேர் இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும், ஒரு ஆள் குறைகிறது என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். "கடைசிப் பேரா போட்டுக்கறேன்டா. நீ ஒரு வார்த்தை பேச வேணாம், ஜெயிக்கவும் மாட்ட" என்றான். நீ அடுப்பருகே நின்று சிரித்தாய். இப்போது என் பெயருக்கு நேரே இருநூற்றுப் பதினான்கு பேர் குறி போட்டிருக்கிறார்கள். கிரோவ்தால் ஊராட்சியில் இருப்பதே கைக்குழந்தை உட்பட தொள்ளாயிரத்து நாற்பது பேர். இத்தனை குறி இதுவரை யாருக்கும் விழுந்ததில்லையாம். குறி அதிகம் விழுந்தால் கடைசிப் பெயரும் மேலே ஏறிவிடும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

ஏன் என்று ஆஸ்முன்ட் ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு வந்தான். காற்றாலை வேண்டும் என்பவர்கள், நானும் காற்றாலைக் கட்சி என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்பவர்களும் அப்படியேதான் சொன்னார்கள். ஓநாயைச் சுட வேண்டும் என்பவர்களுக்கும் நான் வேண்டியவன், அது பாவம் என்கிற அந்த இரண்டு பேருக்கும் நான் வேண்டியவன். கடையில் யார் என்ன சொன்னாலும் நான் மூச்சை உள்ளே இழுத்து ஒரு "யா" சொல்வேன் அல்லவா, அதுதான் வினை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியவில்லை.

விலக முடியுமா என்று ஊராட்சி நிர்வாகி ஹெல்யேயிடம் போய்க் கேட்டேன். பட்டியலில் இருக்கச் சம்மதித்தவன் ஜெயித்தால் பதவியை ஏற்றே ஆக வேண்டும், சட்டம் அப்படி, தக்க காரணம் இருந்தால் பார்க்கலாம் என்றார். ஆடுகள் இருக்கின்றன என்றேன். இந்த ஊராட்சியில் எல்லோரும் ஆட்டைத்தான் சொல்கிறார்கள் என்றார்.

நம் பட்டியலுக்கு எட்டு இடம், இப்போதைய தலைவர் தூர்டிஸின் அணிக்கு ஏழு. இங்குள்ள முதியோர் இல்லத்தை மூடும் விஷயம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மே மாதக் கூட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தாளில் இடம் இருக்கிறது. எனக்குத்தான் வரவில்லை.

கம்பளிக் காலுறை தனிப் பொட்டலமாக வருகிறது.

அன்புடன்,
இங்வால்


ஓவ்ரெலி,
அக்டோபர் 21

அன்புள்ள சிக்னேக்கு,

உன் கடிதம் வந்தது. என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி ஓடி வந்தாள் என்று எழுதியிருந்தாய். அவளை இன்னொரு முறை ஓடி வரச் சொல். நான் ஊராட்சித் தலைவர் ஆகிவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். நம் பட்டியலில் தலைவர் பதவிக்கு ஆஸ்முன்டும் பால்பண்ணை ரைதாரும் ஆசைப்பட்டார்கள். ஒருவர் நின்றால் மற்றவர் எழுந்து போய்விடுவார் என்ற நிலைமை. கடைசியில், அதிகக் குறி வாங்கியவன் நிற்கட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நான் மறுப்பதற்குச் சரியான வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைப்பதற்குள் கூட்டம் முடிந்து காப்பி வந்துவிட்டது.

மன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பு. பதினைந்து பேர் இருப்பதால் ஒரு பக்கம் கட்டாயம் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் தூர்டிஸுக்கு ஏழு, எனக்கு ஏழு, ஒரு தாள் வெறுமை. மறுபடி நடத்தினார்கள். மறுபடியும் அதேதான். அந்த வெற்றுத் தாளைப் போட்ட துரோகி யார் என்று நம் அணியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன், அது நான்தான். என் பெயரை நானே எழுத வெட்கமாக இருந்தது. தூர்டிஸ் பெயரை எழுதியிருந்தால் அன்றே தப்பித்திருப்பேன். பேனாவைத் தாளில் வைத்தும்விட்டேன். இல்லத்தை மூடச் சொல்லி அவள் மே மாதம் பேசியதும், அதற்கு நீ எழுந்து பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது. தாளை அப்படியே மடித்துப் போட்டேன்.

சமநிலை என்றால் சீட்டுப் போட வேண்டும். இரண்டு சீட்டு எழுதி, கான்டீனிலிருந்து ஒரு சர்க்கரைக் கிண்ணம் கொண்டுவந்து போட்டார்கள். மன்றத்தில் மூத்தவர் கையை விட்டு எடுத்தார். சீட்டில் சர்க்கரை ஒட்டியிருந்ததால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் என் பெயரைப் படிக்க முடிந்தது.

தூர்டிஸ் பன்னிரண்டு வருடம் போட்டிருந்த தலைவர் பதவிச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பு என்பதால் மரியாதையெல்லாம் பார்க்க மாட்டாள். "இது உனக்குப் பாரமா இருக்கும், இங்வால்" என்று காதருகே சொன்னாள். அவள் பதவியைச் சொன்னாள் என்று பிறகுதான் புரிந்தது. நான் எடையைச் சொல்கிறாள் என்று எண்ணி, பரவாயில்லை, ஒரு ஆட்டுக்குட்டி கனம்தான் என்று பதில் சொல்லிவிட்டேன். அதைப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். அடக்கமான மனிதர் என்று தலைப்பு.

வாரத்தில் மூன்று நாள் மலைச்சாலை ஏறி இறங்கி அலுவலகம் போகிறேன். எல்லோரும் வந்து பேசுகிறார்கள், நான் கேட்கிறேன். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். இல்லத்தில் உன் நர்ஸ் இடத்துக்கு இன்னும் நிரந்தர ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருவராக ஸ்வீடனிலிருந்து வருகிறார்கள். இல்லத்திலிருக்கும் போர்கில்ட் டீச்சர் உன்னை விசாரித்தார். ஆகஸ்டில் வந்துவிடுவாய் என்று சொன்னேன். ஒரு வருடம் என்றுதானே போனாய்.

அன்புடன்,
இங்வால்


ஓவ்ரெலி,
மார்ச் 2

அன்புள்ள சிக்னேக்கு,

அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், யோசிக்கிறேன் என்று நீ ஜனவரியில் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஊராட்சி வேலையால் தாமதம் என்று எழுதலாம். அது பொய். உன் கடிதம் ஆறு வாரமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு முறை சட்டையோடு துவைத்தும்விட்டேன். நல்லவேளை, நீ பென்சிலில் எழுதியிருந்தாய்.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மன்றக் கூட்டத்தை எங்கே நடத்துவது என்று தீர்மானிப்பது தலைவரின் வேலையாம். பிப்ரவரிக் கூட்டத்தை இங்கே ஓவ்ரெலியில், முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வைப்போம் என்றேன். நான் வாயைத் திறந்து சொன்ன முதல் யோசனை என்பதால் ஆச்சரியத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கீழேயிருந்து பதினோரு உறுப்பினர்களும் ஹெல்யேயும் பஸ்ஸில் வந்தார்கள். ஹெல்யே கையில் தன்னுடைய அறுபத்து நான்கு பக்க அறிக்கை. இல்லத்தை மூடலாம், நம் மேல்பள்ளத்தாக்கில் நர்ஸ் இருந்தே ஆக வேண்டிய அவசியம் இல்லை என்று அதில் அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார்.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். பன்னிரண்டரைக்குப் பனிப்புயல் என்று மலைச்சாலையை அடைத்துவிட்டார்கள். கூட்டம் இன்னும் முதல் பொருளையே தாண்டவில்லை. தூர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "காலையில ரேடியோவுல சொன்னாங்களா?" என்று கேட்டாள். நான் மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றேன். "அப்ப ஏன் சொல்லல?" என்றாள். யாரும் கேட்கவில்லையே என்றேன். சத்தியமாக, அதுவரை யாரும் கேட்கவில்லை.

சாலை இரண்டு நாள் திறக்கவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு எல்லோருக்கும் படுக்க இடம் தேட வேண்டியதாயிற்று. சிலரை ஆஸ்முன்ட் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். சிலர் இல்லத்து நாற்காலிகளிலேயே சாய்ந்துகொண்டார்கள். தூர்டிஸுக்குக் கிடைத்தது போர்கில்ட் டீச்சர் அறையில் ஒரு மடக்குக் கட்டில். தொண்ணூற்று மூன்று வயதிலும் டீச்சருக்கு ஒன்றும் மறக்கவில்லை. "நாலாம் வகுப்புல பெருக்கல் கணக்கைப் பாத்து எழுதினது நீதானேடி? இப்ப எங்களையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பக் கணக்குப் போடுறியாமே. இதை எவகிட்டப் பாத்து எழுதின?" என்று கேட்டாராம். தூர்டிஸே வெளியே வந்து சொன்னாள். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் முகம் பள்ளிக்கூடத்தில் இருந்தது போலவே சிவந்திருந்தது. மறுநாள் காலை முழுக்க டீச்சரோடு சீட்டாடினாள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஹெல்யே நம் வீட்டில் தங்கினார். காலையில் ஆடுகளுக்குத் தீவனம் வைக்க நானும் வருகிறேன் என்றார். நகரத்து மனிதர், ஆசைப்படுகிறாரே என்று கூட்டிப் போனேன். கிடாவுக்கு முதுகைக் காட்ட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் பேச்சு எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது. கிடா முந்திக்கொண்டது. அவர் தீவனத் தொட்டியைத் தாண்டிப் போய் விழுந்தார். மணிக்கட்டு முறிந்து, புருவத்தில் ஆழமாக வெட்டு. நான் அவரைப் பனிச்சறுக்குப் பலகை வண்டியில் உட்கார வைத்து இல்லத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸ் வர வழியில்லை, ஹெலிகாப்டர் பறக்க முடியாது. அந்த வார ஸ்வீடன் நர்ஸ்தான் கீழேயுள்ள டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டு மணிக்கட்டுக்கு மட்டை வைத்துக் கட்டினார், புருவத்து வெட்டை ஒட்டினார். காலியாக இருந்த ஒரு படுக்கையில் அவரைப் படுக்க வைத்தோம். வாஃபிள் அப்பத்தை ஒரு கையால் தின்றுகொண்டு, அறிக்கையில் ஒரு திருத்தம் தேவைப்படும் போலிருக்கிறது என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் கூட்டம் மறுபடி கூடியது. வேறு போக்கிடம் இல்லாததால் ஒருவர்கூடத் தவறாமல் வந்தார்கள். இல்லத்துக்காரர்கள் ஒன்பது பேரும் சுவரோரமாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் பேச வேண்டியதை ஒரு மாதமாக எழுதி, ஆட்டுக்கொட்டிலில் சத்தமாகச் சொல்லிப் பழகியிருந்தேன். எழுந்து தாளைப் பிரித்தால் அது சினை ஆடுகளின் பட்டியல். பேச்சு கொட்டிலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று ஆஸ்முன்டைக் கேட்டால் அரை மணி என்பான், அவ்வளவெல்லாம் இருக்காது.

பிறகு சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மன்றக் குறிப்பிலும் இருக்கிறது: "போன மே மாசம் இதே விஷயத்துக்குக் கூட்டம் நடந்துச்சு. என் மனைவி எந்திரிச்சுப் பேசினா. பேசி முடிச்சுட்டு என்னைப் பாத்தா. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், எந்திரிக்கல. அவ சொன்னது அத்தனையும் சரி. அன்னைக்கே சொல்லியிருக்கணும். இவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டேன். வாக்கெடுப்பில் இல்லத்தைத் தொடர பத்துப் பேர், மூட ஐந்து பேர். பத்தாவது கை தூர்டிஸுடையது. அவள் கையைத் தூக்கும்போது போர்கில்ட் டீச்சரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தூக்கினாள்.

சாலை திறந்து எல்லோரும் போனார்கள். மறுவாரமே இல்லத்துக்கு நிரந்தரத் தலைமை நர்ஸ் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தாயிற்று. இங்கே ஒரு சிக்கல். ஹெல்யே கட்டுப் போட்ட கையோடு என் அறைக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போனார். தலைவரின் மனைவி விண்ணப்பிக்கக்கூடும் என்பதால், அந்த நியமனத்தில் நான் எந்த வகையிலும் தலையிடக் கூடாது, யாரையும் தூண்டக் கூடாது, சட்டம் அப்படி. எழுதியும் கொடுத்திருக்கிறார். ஆகவே உன்னை விண்ணப்பிக்கச் சொல்லி நான் இந்தக் கடிதம் எழுதவில்லை. கடைசித் தேதி மார்ச் இருபத்தைந்து. இது பொதுத் தகவல், ஊராட்சி அறிவிப்புப் பலகையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உனக்கு அங்கே வேலை பிடித்திருக்கிறது என்றும், காலையில் எழுந்தால் மனம் லேசாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதையும் நான் படித்தேன். இரண்டு வருடம் இருக்கத் தோன்றினால் இரு. தலைவராக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

கணவனாகச் சொல்வதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறதா என்று ஹெல்யேயைக் கேட்டேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் சொல்கிறேன். மே மாதம் நீ என்னைப் பார்த்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. அதற்காக நான் வருந்தாத நாள் இல்லை. வீடு முழுக்க நான் பேசிக்கொண்டே திரிகிறேன், சிக்னே. நாய்க்கே அலுத்துவிட்டது.

நாலு மாத இருட்டுக்குப் பிறகு அடுத்த வாரம் உங்கள் ஊரில் சூரியன் தலைகாட்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. நன்றாக வெளியே போய் நின்று பார். கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். அங்கே இருக்கும்வரை உடம்பை நீயே பார்த்துக்கொள். இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

உன்,
இங்வால்