புனேக்காரருக்கு மூன்றாவது இடம்

இன்று காலை சாப்பாட்டுப் பையில் ரொம்ப நாளாகத் தொடாத பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். தினக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று நாலாக மடிந்து கிடந்தது. பின்பக்கம் உன் கையெழுத்து. "டுடே ஐ பிரையாரிடைஸ் சட்னி. சாம்பார் கேன் வெயிட்." தமிழ் எழுத்தில் இங்கிலீஷ், உன் வழக்கப்படி. ஆபீஸில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் என்னை நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்க வைக்கிறாய்.

சிங்காநல்லூர்ப் பட்டறையில் நான் பேக்கிங்கிலிருந்து ஆர்டர் மேசைக்கு வந்த வாரத்தில் நீ எழுதியது அது. பம்புசெட்டில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் செய்கிற பட்டறை. வெளிமாநிலத்துக்காரர்கள் போனில் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் திரும்பப் பேக்கிங்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு அந்த மேசை வேண்டும் என்றிருந்தது. நாற்பது வயதுவரை எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளி வாய்க்கு வாய் 'பிரையாரிடைஸ்' என்பார். எனக்கு விளங்காது, தலையை மட்டும் ஆட்டுவேன். நீ உன் மகளின் அகராதியில் பார்த்துவிட்டு வந்து, நீ வேலை பார்த்த செக்கிங் மேசையிலிருந்தே சொன்னாய்: எது முந்தி, எது பிந்தி என்று வரிசை போடுவதுதான் அது. வீட்டில் பழகாத வார்த்தை போனில் வராது என்பது உன் கட்சி. அந்த வாரம் முழுக்க ஒன்றையும் விடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை பிரையாரிடைஸ் செய்தோம். துவைக்கிற துணியில் பள்ளிக்கூட யூனிஃபார்மை பிரையாரிடைஸ் செய்தோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரரிடம் "ப்ளீஸ் பிரையாரிடைஸ் மோட்டார் சுவிட்ச்" என்று நீ சொல்ல, டேங்க் நிறைந்து சன்ஷேடு வழியாக ஊற்றிய பிறகுதான் அவர் எழுந்தாராம். தண்ணி வழியுதுன்னு தமிழ்ல சொன்னா ஆகாதா என்று கேட்டாராம். அதை நீ டீ நேரத்தில் நடித்துக் காட்டினாய்.

எனக்குத் தைரியம் வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. யார் போன் செய்தாலும் "வீ வில் பிரையாரிடைஸ் யுவர் ஆர்டர், சார்" என்று அள்ளி விட்டேன். நம் ஊர் வாய் அது. கேட்டவரை இல்லை என்று சொல்லி அனுப்ப வராது. எல்லாரிடமும் "உங்களுதுதானுங்க மொதல்ல" என்றுதான் வரும். ஒரே வாரத்தில் புனே, ஐதராபாத், பொள்ளாச்சி மூன்று பேருக்கும் முதலிடம் கொடுத்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை பொள்ளாச்சிக்காரர் வேனோடு வாசலில் நிற்கிறார். மற்ற இருவரும் மாற்றி மாற்றி போன் செய்கிறார்கள். கையில் இருக்கிற சரக்கு ஒருத்தருக்குத்தான் காணும். மத்தியானம் முதலாளி வந்துவிடுவார். பேக்கிங் அறை என் கண்ணுக்குள் வந்து நின்றது.

நீ வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டாய்.

"மூணு பேரும் எப்படி அம்மணி மொதல்ல நிப்பாங்க? ஒருத்தருகிட்டயாச்சும் நீங்க மூணாவதுன்னு சொல்லோணும். போனை எடு."

வேன் ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் பொள்ளாச்சி முதலில். ஐதராபாத்தில் மெஷின் ஓடாமல் நிற்கிறதாம், அது இரண்டாவது. புனேக்காரருக்கு நானே போன் போட்டேன். "சார், டுடே ஐ கான்ட் பிரையாரிடைஸ் யூ. யூ ஆர் நம்பர் த்ரீ." நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவர், மூன்றாவது என்றால் என்றைக்கு என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமையே அனுப்பினோம். மூன்று மாதம் முடிந்தபோது மேசை எனக்கே ஆனது. நீ செக்கிங் மேசையில் அளவு பார்க்கிற கேஜைத் தட்டித் தாளம் போட்டாய்.

போன வருஷம் நீ நோயில் படுத்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் கருமத்தம்பட்டியில் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, மாதக் கடைசி, லோடு ஏற்றுகிற நாள், நீயே போன் செய்தாய். "ஒண்ணுமில்ல, சும்மாதான். நேரமிருந்தா வா."

"ஞாயித்துக்கெழமை கண்டிப்பா வாரேன்" என்று என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நீ சும்மா போன் செய்கிறவள் இல்லை. நேராக முதலாளி அறைக்குப் போனேன். தமிழில் சொல்லியிருந்தால் பாதியில் குழைந்திருப்பேன். "சார், டுடே ஐ ஆம் பிரையாரிடைசிங் மை ஃப்ரெண்ட்" என்றேன். அவர் தமிழில் திட்டினார். திட்டி முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே எல்லாருக்கும் போன் செய்து, லோடு நாளைக்குத்தான் என்றேன். ஐதராபாத்காரர் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உன் வீட்டுக்குள் நுழைந்தபோது அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தில் நான் வந்தது உனக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்ததும் பதறினாய்.

"லோடு என்னாச்சு?"

"அது மூணாவது."

"அப்ப ரெண்டாவது?"

"டீ."

இருமல் வரும்வரை சிரித்தாய். அரை டம்ளர் டீயும் குடித்தாய். பிறகு ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரையும் பேசித் தீர்த்தோம். பதினொரு நாள் கழித்து நீ இல்லை.

ஐதராபாத்காரர் இன்றுவரை திரும்பி வரவில்லை. மாதக் கடைசியானால் முதலாளி அதைச் சொல்லிக் காட்டுவார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்றைக்கு மூன்று மணியிலிருந்து ஆறரை வரை நான் உன் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.