கைப்பிடி உப்பும் கந்தர்வ ராசாவும்

ஆவணி, வியாழன் ராத்திரி.

யாரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் இந்தப் பேனா மேல் ஆணையாக எழுதுகிறேன். என் அக்கா மகள் பூங்கொடியைப் பெண் கேட்டு இன்று வந்தவன் மனிதனே இல்லை. அருவிக்குப் பின்னால் அரண்மனை கட்டி ஆளும் கந்தர்வ ராசா. மேகத்தைக் குடையாகப் பிடித்து வந்தான். மிளகுக் கொடிகள் குனிந்து கும்பிட்டன. என்னையே கடிக்கிற எங்கள் நாய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

தாய்மாமன் நான் தலையாட்டினால்தான் கல்யாணம். அருவிக்குள் போன பிள்ளையை அப்புறம் யார் கண்ணில் காட்டுவார்கள்? கந்தர்வர்களுக்கு உப்பு ஆகாதாம். கொஞ்சம் உப்பென்றால் சமாளித்துவிடுவான் என்று, பூங்கொடி கிண்டிய சாமை உப்புமாவில், அவன் தட்டில் மட்டும், ஒரு கைப்பிடி கலந்துவிட்டேன்.

"நல்லா இருக்குதுங்களா?" என்றாள் பூங்கொடி.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க." வழித்துத் தின்றான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவன் போனதும் என்னிடம் வந்தாள். "ஏனுங் மாமா, ஆளு எப்படி?"

"சந்தேகமாத்தான் இருக்குது கண்ணு. காலையில சொல்றேன்."

மேகம், மிளகு, நாய் எல்லாம் புளுகு. பேனா மன்னிக்கட்டும். உப்பு மட்டும் நிஜம். அவள் முகம் வாடக் கூடாதென்று அத்தனையும் தின்றவன் மனிதனாக இருக்கவே முடியாது. கட்டிக்கொடுத்துவிட வேண்டியதுதான்.