நீ படிப்பது நட்சத்திரமாமே

அன்பு மகள் றிப்தாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் கை கால் ஓடவில்லை மகள்.

பக்கத்து வீட்டு ஹபீலா டீச்சர், பேராதனைக் கம்பஸில் விண்வெளி பற்றித் தமிழில் பேசுகிறார்கள், வாங்க ராத்தா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பேச வந்தவர் நடுவில் இருட்டும் சுற்றி நெருப்பு வளையமுமாக ஒரு படத்தைக் காட்டினார். இதைக் கருந்துளை என்கிறோம், ஆனால் வேறொரு வகை நட்சத்திரமும் தூரத்திலிருந்து இப்படியே தெரியலாம், அதே பாரம், அதே இறுக்கம், உள்ளே போன வெளிச்சம் திரும்பவே முடியாத எல்லை மட்டும் அதற்கு இருக்காது, சிலர் அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார். அடுத்த படத்தில் அந்தச் சிலர் நின்றார்கள். நடுவில் நீ! கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ராத்தா, இது நம்மட றிப்தா இல்லையா? கொம்பியூட்டர் படிக்கிற என்டுதானே சொன்னீங்க?" என்று ஹபீலா கேட்டார். நீ போன நாளிலிருந்து மடவளை முழுக்க அதைத்தானே சொல்லித் திரிகிறோம், உன்னைப் பெண் கேட்டு வந்த திகன வீட்டாரிடமும் வாப்பா அதைத்தானே சொன்னார். கொம்பியூட்டர்தான் படிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதாலா மறைத்தாய்?

அதோடு முடிந்ததா? வானத்தில் இப்படிப்பட்ட இரண்டு மோதும்போது எழும் ஈர்ப்பு அலையை அளந்து பார்த்ததில் உங்கள் கணக்கு பொருந்தவில்லையாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்ல, நீதான் பெரிய சபையில் எழும்பி, இது நாங்கள் சொன்ன நட்சத்திரம் இல்லை, எங்கள் கணக்குப் பிழை என்றாயாம். மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அத்தனை பேருக்கு முன்னால் உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு உம்மாவிடம் சொல்ல என்ன பயம்?

வாப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். வீடே இடிந்துவிழப் போகிறது என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "பிழை என்டு புள்ளையே சொன்னாளா? அங்க யாரும் ஏசினாங்களா? வேலை போயிடுமா?" என்று இவ்வளவுதான் கேட்டார். நீ மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் தானாகவே திகனவுக்குப் போய், "மகள் நட்சத்திரம் படிக்கிறா, எங்களுக்கே இப்பதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், அது இப்ப முக்கியமா என்கிறார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்வானாக. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பாவுக்கு மறக்காமல் போன் எடு. கணக்குப் பிழைத்த அன்றைக்கு நீ யாரிடம் அழுதாய் மகள்? இனிமேல் அழுவதென்றால் எங்களிடம் அழு.

உன் உம்மா,
சித்தி றலியா,
மடவளை.