எங்கள் வீட்டு வழியாகப் போகிறவர்கள்

இல்லை குட்டி, அந்த வழியை அடைக்கச் சொல்லவில்லை. போனில் நீ கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன் அல்லவா, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதில்தான் இல்லை. இப்போது இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், நீ பேசினால் நான் மாறிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று போனில் நீ மூன்று முறை இருமினாய். சித்தி பல் கட்டிக்கொண்டாள், இப்போது சிரிப்பதற்குக் காரணம் தேடுகிறாள். மற்றபடி எல்லாரும் அப்படியே.

நம் வரிசை வீடுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவது உறுதியாகிவிட்டது என்று சொன்னேன். வீட்டு வசதி வாரியம் அனுப்பிய ஆர்க்கிடெக்ட் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டுக்கொள்வாள், பிறகு பென்சிலைத் தேடுவாள். முதலில் அட்டையில் ஒரு வீடு செய்து எடுத்து வந்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம், தலையாட்டினோம். நாங்கள் எதற்கும் தலையாட்டுவோம் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னாள். அங்கே சுண்ணாம்புப் பொடியால் கீழ்த்தளம் முழுவதையும் நிஜ அளவில் தரையில் வரைந்தோம். உங்கள் வீட்டை நீங்களே வரையுங்கள், கதவு எங்கே வேண்டும், அடுப்பு எங்கே வேண்டும், நீங்களே வையுங்கள் என்றாள். அவளும் அவளுடைய ஆட்களும் டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள். அன்றைக்கு நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் அண்ணன், அதே ஆள்தான், தன் மடக்குக் கட்டிலைத் தூக்கி வந்து சுண்ணாம்பு வீட்டுக்குள் போட்டுப் படுத்துவிட்டார். லாண்டரியில் வேலை செய்யும் சோப்பு அக்கா பக்கத்து வீட்டுக்குப் போகும்போது இல்லாத கதவைத் தட்டினாள். யாரோ கோட்டைத் தாண்டியதற்கு டிரைவர் அண்ணன், "ஏய், செவுரு இருக்கு, கண்ணு தெரியலையா, மண்டை உடையப் போகுது" என்று கத்தினார். சிரித்தோமே தவிர அதற்குப் பிறகு யாரும் கோட்டை மிதிக்கவில்லை. பொடிக்கோடுதான். ஆனாலும் சுற்றித்தான் போனோம்.

அப்புறம் அந்தப் பெண், காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்களோ அதை இங்கே செய்து காட்டுங்கள் என்றாள். சோப்பு அக்கா காலி வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடக் கிளம்பினாள். நேராக நம் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பைத் தாண்டி, பின்பக்கமாக வெளியே போனாள். அவள் பின்னால் தையல்காரரின் மனைவி. அவள் பின்னால் டிரைவர் அண்ணன், கையில் துண்டு. பின்சுவரில் கோடு இல்லாத இடத்தை அழிந்துவிட்டது என்று நினைத்து ஆர்க்கிடெக்ட் பெண் பொடி போட்டாள். மறுபடி அழிந்தது. மறுபடி போட்டாள். மற்ற எந்தச் சுவரையும் மதிக்கிற ஜனம் இந்த ஒரு சுவரை மட்டும் ஏன் மிதித்துத் தள்ளுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. என்னிடம் வந்து, "அம்மா, இது வீடா, வழியா?" என்று கேட்டாள். நான் குனிந்து பார்த்தேன். என் கையால் நானே போட்ட கோடுதான். முன்னால் ஒரு திறப்பு, நேர் எதிரே பின்னால் ஒரு திறப்பு, இடையில் ஒரு சாமானும் வைக்கவில்லை. புது வீடு வரையச் சொன்னால் பழைய நடையை வரைந்து வைத்திருக்கிறேன். ஒருத்தருக்கும் அது தப்பாகவே படவில்லை. மைதானமே சிரித்தது. சித்தி மட்டும் விடவில்லை, "ஏன்க்கா, இத்தனை வருஷமா பஸ் ஸ்டாண்டா நடத்துறே, டிக்கெட்டாவது போட்டிருக்கலாமே" என்றாள். அதற்கு டிரைவர் அண்ணன், "நாங்க ஹாரன் அடிச்சுட்டுத்தானே போறோம்" என்றார்.

உனக்கு எல்லாம் தெரியும், அந்தப் பெண்ணுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மோட்டார் அறை கட்டியபோது பின்பக்கம் போகும் சந்து அடைபட்டது, துணிக்கொடி கட்டியிருந்த இடமெல்லாம் பின்னால் இருந்தது, கடைசி வீடு நம்முடையது, உன் அப்பா சமையலறை ஜன்னலைப் பெயர்த்து ஒரு மாசத்துக்கு என்று சொல்லிக் கதவு வைத்தார். நீ பிறப்பதற்கு முந்தின மாசம் அது. கேட்டுவிட்டு அவள் பென்சிலை உருவிக் கொண்டை அவிழ நின்றாள். புதுக் கட்டடத்தில் பின்பக்கத்துக்கு வெளிவழியே தனிப் பாதை வந்துவிடும், உங்கள் வீடு உங்கள் வீடாகவே இருக்கும், யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதைத்தான் போனில் உன்னிடம் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நீ உடனே, "அப்போ எனக்கு ஒரு கதவு வருமாம்மா, சாத்துற மாதிரி?" என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். ஏனென்றால் அதற்குள் இங்கே வேறு ஒன்று நடந்திருந்தது.

மைதானத்திலிருந்து திரும்பிய மறுநாளே சோப்பு அக்கா வாசலில் வாளியோடு நின்று, இத்தனை நாள் தொந்தரவு கொடுத்துட்டோம்மா, எங்களுக்கே உறைக்கலை என்று சொல்லிவிட்டு, ஈரத்துணி சொட்டச் சொட்டத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள். இந்தப் பழைய வீட்டில், இப்போதே. நான் கூப்பிட்டும் கேட்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும். மரியாதை என்று நினைத்துச் செய்தார்கள். முதலில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று யாரும் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நாள் நீண்டது. பாலைப் பொங்கவிட்டேன், டிரைவர் அண்ணன் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதுதான் அடுப்பைக் குறைப்பேன் என்பது எனக்கே தெரியாது. ரேடியோவில் ஒருத்தி ஏதோ சொன்னதற்குப் பதில் சொன்னேன். சத்தமாக.

போன மழைக்காலத்தில் தலைசுற்றி அடுப்படியில் விழுந்ததை உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டிக்கெட் எடுத்திருப்பாய். கண்ணைத் திறந்தபோது சோப்பு அக்காவின் ஈரப் பாவாடை ஒன்று என் நெற்றியில் இருந்தது. துணி காயப்போடப் போனவள். கதவு சாத்தியிருந்தால் மாலை வரை கிடந்திருப்பேன், அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அதற்காக உன் பக்கத்தை மறந்துவிடவில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது போகிறவர் வருகிறவர் எல்லாம் மார்க் கேட்டதும், நீ போர்வையைக் கயிற்றில் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்ததும், அந்தப் போர்வையையும் விலக்கி ஒருத்தி "பாப்பா என்ன பண்றே" என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் நீ அழுதாய், என்ன காரணம் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே வரிசையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இப்போது இருக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு ஆள் முகமே தெரியாது, நிம்மதியா இருக்கேம்மா என்று நீ சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த நிம்மதி நீயாக வாங்கிக்கொண்டது. வந்தால் ஒரு மாசமாவது தங்குவேன், ஆனா எனக்குன்னு ஒரு கதவு இருக்கணும் என்றாய். நியாயம்.

ஆக எனக்கு வழி வேண்டும், உனக்குக் கதவு வேண்டும். வீடு ஒன்றுதான்.

வாரிய அலுவலகத்துக்கு நானே போனேன். மாடியில் ஒரு பெரிய மேஜை, அதன்மேல் நம் வீடுகள் தாள் தாளாக. பாதை என் அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தீப்பிடித்தால் ஓடுகிற வழி ஒரு வீட்டுக்குள்ளே இருக்கக்கூடாதும்மா, அதை மட்டும் என்னால விட்டுத்தர முடியாது என்றாள். சரிதானே. அப்புறம் பாதை யாருக்காக, யார் யாரைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் சொல்லச் சொல்ல நானே தெரிந்துகொண்டேன். எனக்கு அவர்கள் வீட்டுக்குள் வர வேண்டும் என்றில்லை. கடந்து போக வேண்டும். நான் இருக்கிறேனா என்று ஒரு பார்வை. அவ்வளவுதான். அவள் வரைந்தாள்: நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே கூரை போட்ட ஒரு நடைபாதை, எல்லாருக்கும் பொது. அதைப் பார்த்த மாதிரி என் சமையலறை, அதற்கு ஒரு அரைக்கதவு, மேல்பாதி தனியாகத் திறக்கும். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சாத்திக்கொள்ளலாம். உன் அறை அந்தப் பக்கம், பாதைக்கு எதிர்மூலையில், உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவோடு.

ஆனால் பாதைக்கான இடம் வானத்திலிருந்து வராது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் பங்குக்கு ஒரு முழம் கொடுத்தார். நம் பங்கு உன் அறையிலிருந்து போகிறது. கட்டில், மேஜை, அப்புறம் நீ. அவ்வளவுதான் கொள்ளும். தாளைப் பார்த்து எனக்கு மனசு ஒப்பவில்லை, மைதானத்தில் மறுபடி கோடு போடச் சொன்னேன். உன் உயரத்துக்கு டிரைவர் அண்ணன்தான் சரியாக வந்தார், அவரைப் படுக்க வைத்தோம். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிஜமாகவே உன்னைப் போல உர்ரென்று படுத்திருந்துவிட்டு, "காலை நீட்டலாம்மா, உருள முடியாது" என்றார். நீ உருள மாட்டாய், சுவரைப் பார்த்துச் சுருண்டுதான் படுப்பாய் என்று எனக்குத் தெரியும். சோப்பு அக்கா வெளியே நின்று, இல்லாத கதவை இரண்டு தட்டுத் தட்டி, "பாப்பா, உள்ளே வரலாமா?" என்று கேட்டாள். டிரைவர் அண்ணன், "முடியாது, படிக்கிறேன்" என்றார். அவள் நின்றாள். உள்ளே வரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது, சரி என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டிருந்தால் நீ எனக்காகச் சம்மதித்திருப்பாய், இல்லை உனக்காக நான் அடைத்திருப்பேன், இரண்டில் எது நடந்தாலும் பின்னால் ஒருத்தர் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்போம். கோபம் வந்தால் வரட்டும். இங்கே வந்து, அந்த அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு கோபமாக இரு. யாரும் போர்வையை விலக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் நானே சோப்பு அக்காவின் வாளியைப் பிடுங்கி உள்ளே கொண்டுவந்து வைத்தேன். இந்த வீடு இடிகிற வரைக்கும் இப்படித்தான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்க பால் பொங்குது, அதைப் பாருங்க" என்றாள்.

இருமலுக்கு மருந்து வாங்கு, தானாகச் சரியாகும் என்று இருக்காதே. இரவில் தலையை நனைக்காதே. உன் பக்கத்து வீட்டு ஆள் யார் என்று ஒரு தடவையாவது பார்த்து வை, பழக வேண்டாம், முகம் தெரிந்தால் போதும். அங்கே எழுதுகிற மேஜையின் அகலத்தை அளந்து மறக்காமல் அனுப்பு, அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, போகிற காரியம் எல்லாம் கைகூடட்டும், என் ஆயுசையும் சேர்த்து நீ வைத்துக்கொள்.

உன் வழிநடை வீட்டிலிருந்து,
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். எந்தக் கதவுக்கு, அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டார். கதவு இன்னும் வரவில்லை என்றேன். எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி, நீ இங்கே விட்டுப்போன பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.